போணிப் பல்

1

நம் சபையின் இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எனக்கு ஏதாவது ஒரு வகையில் சொந்தம். மீதிப் பேர் என் கணவருக்குச் சொந்தம். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டு, இங்கத்து மழையையும் துரியான் பழத்தின் வாடையையும் பற்றி நான் எழுதி அனுப்பியபோதெல்லாம், படித்துச் சிரித்ததாகத் திருத்தங்கலிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கடிதம் வரும். இந்தத் தடவை சிரிக்க ஒன்றும் இல்லை. இதை அனுப்ப வேண்டாம் என்கிறார் என் கணவர். நான் அனுப்பத்தான் போகிறேன்.

விஷயம் ஒரு பல். வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். நான்கு மாதமாகப் படுத்திக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து பதினோரு மைல் தள்ளி டவுனில் இருக்கும் அரசாங்கப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியவர் சீனர், இளவயது டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டார், இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாயங்காலம் பிள்ளைகளின் சிலேட்டைக்கூடத் திருத்தினேன்.

மூன்றாம் நாள் வலி வந்தது. பல் இருந்தபோது வலித்த வலி இல்லை இது. பல் இல்லாத இடத்தில் இருந்து கிளம்பி, தாடை எலும்புக்குள்ளேயே நடந்து, காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஆளெண்ணக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதும்போது அந்தச் சத்தமே காதுக்குள் குத்தியது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை, "டீச்சர், அறுபத்து மூணு" என்று எடுத்துக்கொடுத்தது.

நான்காம் நாள் காட்டவரச் சொல்லியிருந்தார்கள். போனேன். டாக்டர் வேலையாக இருந்தார். வெள்ளைத் தொப்பி வைத்த நர்ஸ் ஒருத்தி அட்டையை எடுத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் தலையை ஆட்டி, "ஓக்கே, ஓக்கே, தேங்க் யூ" என்றேன்.

ஏழாம் நாளும் போனேன். இந்தத் தடவை டாக்டரே கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். நான் சொன்னது அதே "ஓக்கே, தேங்க் யூ." அவர் மகிழ்ச்சியாகச் சிரித்து, அட்டையில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார். திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மகள் கிரேஸ் கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவளுக்கு இங்கிலீஷில்தான் பதில் வருகிறது, சில நாள் மலாயில். உனக்குப் புரியாது என்று சொல்லி அவளைப் படிக்க அனுப்பினேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. டாக்டரின் கையை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்கிற பழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது?

2

சிவகாசியில் அந்தப் பல் டாக்டர் அறை திறந்த நாள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஐம்பதுகளின் தொடக்கம். காலண்டர் அடிக்கிற ஓர் அச்சாபீசுக்கு மேலே, மாடியில். கீழே மிஷின் ஓடினால் மேலே நாற்காலி லேசாக நடுங்கும். டாக்டர் நம் சபைப் பையன். மெட்ராசில் படித்துவிட்டு வந்தவர். சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் செய்து ரிப்பனை வெட்டினார். எல்லோருக்கும் கல்கண்டும் சர்பத்தும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சங்கடம். நாற்காலியில் முதலில் யார் உட்காருவது?

கடை திறந்தால் போணி பார்க்கிற ஊர் நம்முடையது. முதல் வியாபாரம் ராசியான ஆள் கையால் ஆக வேண்டும். பல் டாக்டருக்கும் அப்படித்தான் என்று டாக்டரின் மாமியார் நினைத்தார். ஜெபம் செய்த கையோடு போணியும் பார்ப்பதில் அங்கே யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

"நம்ம ஞானம் உக்காரட்டும்" என்றாள் என் அம்மா. "ராசியான புள்ள. அதுக்கும் ஒரு மாசமாக் கடவாப்பல்லு வலி."

ஞானம் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குப் போனதால்தான் நான் டீச்சர் டிரெய்னிங் படித்தேன். வெடி பின்னுகிறவர்கள் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் அப்போதுதான் வெடிக்குக் கிடைக்கும். அக்காவின் முன்பல்லில் நூல் அறுத்த கோடு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வாயால் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடுவாள். மேல் குரல் பாடுகிற நாங்கள் சுருதி தப்பினால் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வருவோம்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிலும் இருபது பேர். பல் முழுதாக வரவில்லை. உடைந்து, துண்டு துண்டாக வந்தது. டாக்டருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் தட்டில் சத்தம் கேட்டதும் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

3

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டாக்டரின் மைத்துனர் மலாயாவில் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். போணிக்கு ஆள் தேடிய அந்த மாமியார்தான் மாப்பிள்ளையின் அம்மா. அறை திறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பதில் இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு மூன்றாம் நாள் வலி வந்தது. சரியாக மூன்றாம் நாள், எனக்கு வந்த மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா ஞானம், டாக்டர் தம்பி கை எப்படி? புடுங்கினதே தெரியலையாம்ல?"

"எங்க வீட்லயும் அவுகளுக்குப் பல்லு ஆடுது. நம்பிக் கூட்டியாரலாமா?"

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கன்னம் லேசாக வீங்கியிருந்ததை மறைக்க முந்தானையை அந்தப் பக்கம் இழுத்து விட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் பேசினேன்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சாம். அம்புட்டுதான். தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். மாப்பிள்ளையின் அம்மா நான்கடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அக்கா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் வெடிக்கம்பெனியின் அலுமினியத் தூள், வெள்ளி பூசின மாதிரி. அந்தக் கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்ததால் கன்னமும் பளபளத்தது.

"ஏட்டி, காதுக்குள்ள போகுதுடி வலி. ஒரே ஒரு தடவ டாக்டர்ட்ட காமிப்போம்."

"வேணாம்க்கா. அவுக வீட்லேர்ந்து வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக. இப்பப் போயி அவுக மருமகன் கை சரியில்லன்னு நிக்கச் சொல்றியா?"

"கை சரியில்லன்னு யாரு சொன்னா? வலிக்குதுன்னுதான் சொல்லப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. போணியே இப்படின்னு ஊரு பேசும். பல்லு புடுங்கினா வலிக்கத்தான் செய்யும். ஆத்திக்க."

அக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "சரி" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்துத் தானாகவே கேட்டிருக்கிறார்: "எப்படிக்கா இருக்கீக? இப்ப ஒண்ணும் இல்லையே?" அவள் இறுகிப்போன தாடையோடு, "பரவால்ல தம்பி" என்றாளாம். இதை என்னிடம் வந்து சொன்னாள். நான் "நல்லதாப் போச்சு" என்றேன்.

தீபாவளி சீசன். லோடு போக வேண்டியிருந்தது. கம்பெனியில் லீவு கிடையாது. அக்கா நூலை இடது பக்கம் மாற்றிக் கடித்துக்கொண்டு பின்னினாள். வீக்கம் வரும், உடையும், வடியும், மறுபடி வரும். கிறிஸ்துமஸுக்குள் அவளால் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. பாடகர் குழுவில் கடைசி வரிசையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ஜனவரியில் என் கல்யாணம். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அக்கா ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்தாள். நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டேன்.

பதிமூன்று வருஷம் ஆகிறது. இவ்வளவு நாளும் அந்த டாக்டருக்கு இது தெரியாது. இப்போது அவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவி என் நாத்தனார். இதைப் படிக்கப் போகும் முதல் ஆட்களில் அவர்கள் இருவரும் இருப்பார்கள்.

4

பதினோராம் நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். மூன்று விரல் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைந்தது. இரண்டாவது விரலும் பல்லில் உரசிக்கொண்டுதான் போனது.

அக்காவுக்கு ஒன்றுதான் நுழைந்தது.

"நீதானே நல்லாயிருக்குன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கே" என்றார் என் கணவர். "இப்பப் போய் அவங்களைக் குறை சொன்னா என்ன நினைப்பாங்க? கவர்மெண்ட் டாக்டர். நாளைக்கு நமக்கு வேற ஏதாச்சும்னா அங்கதான் போகணும்."

"நினைக்கட்டும்" என்றேன். அவ்வளவு சொல்லவே தாடை இழுத்தது.

அன்று சனிக்கிழமை. கிரேஸையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். ஜன்னலில் இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துத் தமிழர், வயதானவர், மரியாதையானவர். அட்டையைப் புரட்டினார்.

"அம்மா, உங்கட கேஸ் முடிஞ்சுது. நல்லாயிருக்கெண்டுதானே எழுதியிருக்கு? ரெண்டு தரம் எழுதியிருக்கு."

"வலிக்குதுங்க."

"வலிக்கிறதெண்டால் புதுசாப் பதிய வேணும். புதன்கிழமை வாங்கோ. பதிஞ்சால் மூண்டு கிழமையில டாக்டர் பார்ப்பார்."

மூன்று கிழமை என்றால் மூன்று வாரம். மூன்று வாரத்தில் அக்காவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒரு மலாய்க்காரப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். யாரோ சீன மொழியில் முணுமுணுத்தார்.

கிரேஸ் என் முந்தானையை இழுத்து இங்கிலீஷில் கெஞ்சினாள். "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்குறாங்க. புதன்கிழமை வரலாம். ப்ளீஸ்."

அவள் முகம் சிவந்திருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோயில் வாசலில் சத்தமாகச் சிரித்த என்னைத்தான் அந்த முகத்தில் பார்த்தேன். அடுத்தவர் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கூடப்பிறந்தவளின் வாயை மூடியவள் நான். இவள் அம்மாவின் வாயை மூடப் பார்க்கிறாள்.

"பாக்கட்டும்டி" என்றேன். பிறகு அந்த அறைக்கே கேட்கிற மாதிரி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நான் பொய் சொன்னேன், இரண்டு முறை பொய் சொன்னேன், எனக்கு ஒன்பது நாளாக வலிக்கிறது என்பதுதான் சொல்ல வந்தது. இலக்கணம் எப்படி வந்தது என்று தெரியாது. டீச்சருக்கு அழகில்லாத இங்கிலீஷ் என்று கிரேஸ் பிறகு சொன்னாள். அது போதாது என்று மலாயிலும் சொன்னேன். வலிக்கு இங்கே "சாக்கிட்" என்பார்கள். "சாக்கிட், சாக்கிட்" என்று கன்னத்தைத் தொட்டுக்காட்டினேன். இடுப்பில் குழந்தை வைத்திருந்தவள் கிளார்க்கைப் பார்த்து என்னவோ கடுமையாகச் சொன்னாள். எனக்குப் பரிந்துதான் பேசினாள் என்று தெரிந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்தார்.

5

வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைக் கிட்டே இழுத்தார். குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

கிரேஸ்தான் மொழிபெயர்த்தாள், மெதுவான குரலில். பல் பிடுங்கின குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்க வேண்டுமாம். எனக்கு அந்த மூடி போய்விட்டது. எலும்பு வெறுமையாகக் கிடக்கிறது. எலும்பின் சிறு துணுக்கு ஒன்றும் விளிம்பில் நிற்கிறது. வலிக்காமல் என்ன செய்யும் என்றாராம்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாடும், சுருங்கும், கோபப்படும் என்று காத்திருந்தேன். பதிமூன்று வருஷமாக எந்த முகத்துக்குப் பயந்தேனோ அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் துணுக்கை எடுத்தார், கழுவினார், கிராம்பு எண்ணெயில் நனைத்த துணி நாடாவைக் குழிக்குள் வைத்தார். வைத்த ஐந்தாவது நிமிஷம் காதுக்குள் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே இதைச் செய்திருப்பேனே" என்றார். "நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். ஒரு துணி நாடா. கால் மணி நேர வேலை.

நான் அந்த நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. கிரேஸ் பயந்துபோய், "இன்னும் வலிக்குதாம்மா?" என்றாள். தமிழில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். சிவகாசியில் அந்த அண்ணனும் இப்படித்தானே சொல்லியிருப்பார்? நெற்றி வியர்க்கப் பிடுங்கிய மனுஷன், தானாக வந்து கேட்ட மனுஷன். அவருக்குச் செய்து பார்க்க ஒரு சந்தர்ப்பம்கூட நாங்கள் கொடுக்கவில்லை. அவர் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று அவரையும் கெடுத்தோம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசல், கிணற்றடி, எல்லாம். அவர் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அக்கா வாய் தெறக்காதது மச்சான் புடுங்கின பல்லாலயா?"

"அவுக புடுங்கினதால இல்ல. நான் பேசவிடாததால."

"சரி, அக்காவுக்கு எழுது. மச்சானுக்கும் தனியா எழுது. பத்திரிகைக்கு எதுக்கு? ஊர்ல அவர் எப்படித் தலை நிமிந்து நடப்பார்?"

"அவுக மூஞ்சியப் பத்திப் பதிமூணு வருஷம் கவலப்பட்டாச்சு. நான் பொய் சொன்னது கோயில் வாசல்ல, அம்புட்டுப் பேருக்கு முன்னால. உள்ளதையும் அம்புட்டுப் பேருக்கு முன்னாலதான் சொல்லணும்."

இரண்டு கடிதங்களையும் அன்றே எழுதினேன். அண்ணனுக்கு ஒரு பக்கம். அக்காவுக்கு ஏழு பக்கம். அடுத்த லீவில் வந்து உன்னை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், செலவெல்லாம் என்னுடையது, நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்று எழுதினேன். எழுதும்போது அது பெரிய நியாயமாகத்தான் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுகிறவர்கள் படலாம். அறைக்குப் பெயர் கெடுத்துவிட்டாள் என்பவர்கள், அங்கே போய் அந்த டாக்டரிடம் பல் காட்டுங்கள். நல்ல கை அது. ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று அவரிடமே சொல்லுங்கள். சொல்ல மாட்டேன், போணி, ராசி என்பவர்களோடு எனக்கு இனிமேல் பேச்சு இல்லை.

6

நேற்று அக்காவின் பதில் வந்தது. இந்தக் குறிப்பை நான் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். பிரித்து இதையும் சேர்க்கிறேன்.

பதிமூன்று வருஷமாக அக்காவின் கடிதங்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும்: கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் சுகம். இதில் அந்த வரி இல்லை. அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

"வலிக்குதுடி. பஸ்ஸு குலுங்கினா வலிக்குது. கொட்டாவி வந்தா வலிக்குது. சோத்தக் கரைச்சுத்தான் குடிக்கேன். மாசத்துக்கு ஒருக்கா வீங்குது. இத யாராச்சும் கேப்பாகன்னு இருந்தேன், நீ கேக்க இம்புட்டு வருசம் ஆயிருச்சு.

கெணத்தடியில நீ சொன்னது எனக்கு மறக்கல. மன்னிச்சிட்டேன்னு எழுதணும்னு உக்காந்தேன், கை வரல. வரும்போது எழுதுறேன்.

டாக்டர் தம்பி ஒன் கடுதாசியக் கையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. டார்ச் லைட்டு அடிச்சுப் பாத்தாரு. வாயி தெறந்தாத்தான பாக்க? பழைய வேரு உள்ளயே இருக்கணும்னு சொன்னாரு. சொல்லிக்கிட்டே அழுதுட்டாரு. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். ஏன்க்கா எங்கிட்ட சொல்லலன்னாரு. நீங்க ரெண்டாந்தடவ கேக்கலயே தம்பின்னேன். காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. மறுநா வந்து மதுர ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரு.

நீ லீவுல வந்து கூட்டிப் போறேன்னு எழுதியிருக்க. ஒன் லீவு வரைக்கும் என்னால ஆகாது. எனக்காக நீ பேசினது போதும். வர்ற வியாழக்கிழம காலம்பற பஸ்ஸுக்கு நானே போறேன். கம்பெனியில சொல்லிட்டேன். சீசன்ல எப்படி லீவு கேப்பன்னு போர்மேன் கத்தினான். கத்துன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."